பெற்றோரின் மன அழுத்தத்தில் மொழியின் பங்கு: நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளின் குடும்பங்களை முன்வைத்து

0. முன்னுரை

குழந்தை பேசத் தொடங்கும் பருவம் எல்லாக் குடும்பங்களிலும் எதிர்பார்ப்புக்குரியது. அப்பருவம் வந்தும் குழந்தை பேசாதபோதோ, பேசிய சில சொற்களையும் இழக்கும்போதோ பெற்றோர் மனத்தில் கவலை தோன்றுகிறது. பல குடும்பங்களில் குழந்தையை முதன்முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் காரணமாக அமைவது பேச்சுத் தாமதமே ஆகும்.

ஆட்டிசம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் உடைய நிலை, கற்றல் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு முதலியன இன்று 'நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடுகள்' என்னும் ஒரே தொகுதியில் வைத்து ஆராயப்படுகின்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு இத்தொகுதிக்குத் தனி இயல் வகுத்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நடைமுறையிலுள்ள பதினொன்றாம் பதிப்பும் இத்தகைய தொகுப்பையே மேற்கொண்டுள்ளது.

இந்தியாவில் இக்குழந்தைகளின் எண்ணிக்கை சிறிதன்று. பல்வால், காங்ரா, தேன்கனால், ஐதராபாத், வட கோவா ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, செவிக்குறை, பார்வைக்குறை, வலிப்பு நோய் ஆகியவற்றையும் இத்தொகுதியில் சேர்த்துக் கணக்கிட்டது. அதன்படி, ஆறு வயதுக்குட்பட்டோரில் 9.2 விழுக்காட்டினருக்கும் ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ளோரில் 13.6 விழுக்காட்டினருக்கும் இவற்றுள் ஒன்றேனும் இருந்தது.

இக்குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் அடையும் மன அழுத்தம் உளவியலாரும் மருத்துவரும் விரிவாக ஆராய்ந்த பொருளாகும். மொழியியல் நோக்கில் அது போதிய அளவு பார்க்கப்படவில்லை. இவ்வழுத்தத்தின் ஒரு பகுதி குழந்தையின் குறைபாட்டிலிருந்து நேரே வருவதன்று. குறைபாட்டைப் பற்றிப் பெற்றோரிடம் பேசப்படும் பேச்சிலிருந்தும், குழந்தையின் பேச்சுக்குத் தரப்படும் தவறான பொருளிலிருந்தும், எந்த மொழியில் குழந்தையோடு பேசவேண்டும் என்று கூறப்படும் அறிவுரையிலிருந்தும் வருவதாகும். மொழியால் விளையும் இப்பகுதியை மொழியாலேயே குறைக்கவும் இயலும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்குக் காட்டப்படும் பேச்சுத் தொடர்கள் அன்றாட வழக்கைத் தழுவி எடுத்துக்காட்டாக அமைக்கப்பட்டவை.

1. அழுத்தமும் அதன் கூறுகளும்

குடும்பங்கள் நெருக்கடியை எதிர்கொள்ளும் முறையை விளக்க ரூபன் ஹில் என்னும் சமூகவியலார், இரண்டாம் உலகப்போரால் பிரிந்திருந்த குடும்பங்களை ஆராய்ந்து, 1949இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். நெருக்கடியின் அளவை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன என்பது அவர் கருத்து. நிகழ்ச்சி ஒன்று, குடும்பத்தினிடம் உள்ள துணைவளங்கள் மற்றொன்று, அந்நிகழ்ச்சிக்குக் குடும்பம் தரும் பொருள் மூன்றாவது. மக்கபின், பேட்டர்சன் ஆகிய இருவரும் 1983இல் இதனை விரிவுபடுத்தினர். குறைபாடுடைய குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகள் பல இக்கோட்பாட்டைப் பயன்படுத்தியுள்ளன.

இம்மூன்றனுள் மூன்றாவது கூறு மொழியியலாரின் கவனத்திற்குரியது. ஒரே வகைக் குறைபாடு ஒரு குடும்பத்தில் 'தண்டனை' ஆகவும், மற்றொன்றில் 'நோய்' ஆகவும், பிறிதொன்றில் 'குழந்தையின் இயல்பு' ஆகவும் பொருள் கொள்ளப்படுகிறது. இப்பொருள்கள் பெற்றோர் தனித்திருந்து உருவாக்கிக் கொள்வன அல்ல. மருத்துவர் கூறும் முதல் வாக்கியத்திலும், மாமியார் கேட்கும் வினாவிலும், பள்ளி அனுப்பும் கடிதத்திலும் அவை உருவாகின்றன.

ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பெற்றோர், இயல்பான வளர்ச்சியுடைய குழந்தைகளின் பெற்றோரை விடவும், வேறு குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோரை விடவும் மிகுதியான அழுத்தம் அடைகின்றனர் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஹேய்ஸ், வாட்சன் ஆகியோர் 2013இல் காட்டினர். வளர்ச்சித் தாமதமுடைய மூன்று வயதுக் குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றி பேக்கர் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு செய்தியைத் தருகிறது. பெற்றோரின் அழுத்தத்தோடு நெருங்கிய தொடர்புடையது குழந்தையின் அறிவு வளர்ச்சித் தாமதம் அன்று; அலறுதல், அடித்தல், அடங்காமை போன்ற நடத்தைச் சிக்கல்களே. கோவாவில் ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பெற்றோரிடம் உரையாடி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, குடும்பங்கள் சுற்றத்திலிருந்து விலகித் தனிமைப்படுவதையும், பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இக்குறைபாடு பற்றிய அறிவு குறைவாக இருப்பதையும் எடுத்துரைத்தது.

இவ்வழுத்தத்தை அளக்க ரிச்சர்டு அபிடின் 1983இல் உருவாக்கிய பெற்றோர் அழுத்த அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் சுருக்க வடிவம் 36 கூற்றுகளைக் கொண்டது. இத்தகைய கருவிகளை இந்திய மொழிகளில் பெயர்க்கும்போது கவனம் தேவை. இன்றைய தமிழில் 'மன அழுத்தம்' என்னும் தொடர் நெருக்கடியால் வரும் இறுக்கத்தையும், மருத்துவம் வேண்டும் மனச்சோர்வு நோயையும் வேறுபாடின்றிக் குறிக்க வழங்குகிறது. தாய்மாரோ இவ்விரண்டையும் கூறாமல் "ஓய்ஞ்சு போயிட்டேன்", "மனசே சரியில்லை", "நெஞ்சு கனக்குது" என்று கூறுவர். மேலும், தன் குழந்தையைப் பற்றிய குறையைத் தன்மை ஒருமைக் கூற்றாக ஒப்புக்கொள்வது குழந்தையைச் சபிப்பதற்கு ஒப்பாகும் என்று கருதும் தாய், 'இல்லை' என்றே விடையளிக்கக்கூடும். அந்நிலையில் அளவுகோல் குறைந்த மதிப்பைக் காட்டினும் அழுத்தம் குறைந்ததாகாது.

2. ஓர் இலக்கணப் பிழையும் தாயின் மீதான பழியும்

குழந்தையின் பேச்சைத் தவறாகப் புரிந்துகொள்வது பெற்றோருக்கு எத்தகைய சுமையாகும் என்பதை ஆட்டிசம் பற்றிய ஆய்வு வரலாறே தெளிவாகக் காட்டுகிறது. லியோ கேனர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இக்குறைபாட்டை வரையறுத்தார். அக்குழந்தைகள் தாம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதையும், 'நான்' என்று கூறவேண்டிய இடத்தில் 'நீ' என்று கூறுவதையும் அவர் நுட்பமாகப் பதிவு செய்தார். இக்குறைபாடு பிறவியிலேயே அமைவது என்றும் அக்கட்டுரையில் கருதினார். எனினும், பெற்றோர் அன்பின் வெம்மை குறைந்தவர்கள் என்னும் குறிப்பும் அதில் இடம்பெற்றது. 1949இல் எழுதிய கட்டுரையில் அக்குழந்தைகளைக் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டவர்களாக உவமித்தார். அவ்வுவமையே பின்னர் 'குளிர்பெட்டித் தாய்' என்னும் வசைச் சொல்லாக மாறியது.

புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. குழந்தை 'நான்' என்னும் சொல்லைத் தவிர்ப்பது தன் இருப்பையே மறுப்பதாகும் என்றும், தாய் தன்னை விரும்பவில்லை என்று உணர்ந்த குழந்தை அவ்வாறு பின்வாங்குகிறது என்றும் அவர் விளக்கினார். ஒரு மூவிடப்பெயரின் பிறழ்ச்சி தாயின் அன்பின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அக்காலத்தில் பல தாய்மார் குழந்தையின் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்ப நேர்ந்தது.

இக்கருத்தைப் பார்டக், ரட்டர் ஆகிய இருவரும் 1974இல் சோதித்துப் பார்த்தனர். ஆங்கில வாக்கியத்தில் 'நான்' என்பதற்குரிய சொல் பெரும்பாலும் முதலில் நிற்பது. எதிரொலிக்கும் குழந்தையோ வாக்கியத்தின் இறுதிப் பகுதியையே மிகுதியாகத் திருப்பிச் சொல்கிறது. அச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் அமைத்துக் கூறியபோது குழந்தைகள் அதனையும் திருப்பிச் சொன்னார்கள். ஆகவே அவர்கள் 'நான்' என்பதைத் தவிர்க்கவில்லை. அது நின்ற இடமே காரணம் என்பது வெளிப்பட்டது. ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாருமான பெர்னார்டு ரிம்லண்ட் 1964இல் எழுதிய நூலும், ஃபோல்ஸ்டைன், ரட்டர் ஆகியோர் இருபத்தொரு இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட கட்டுரையும் இக்குறைபாட்டின் உயிரியல், மரபியல் அடிப்படையை நிறுவ உதவின. 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் கேனரே பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

வாக்கிய அமைப்பைக் கருத்தில் கொள்ளாத ஒரு விளக்கம் பல ஆண்டுகள் தாய்மாரை வருத்தியது. வாக்கிய அமைப்பை நோக்கிய ஆய்வு அப்பழியின் ஒரு தூணை அகற்றியது. மொழியியல் அறிவு பெற்றோரின் மனநலத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3. தமிழில் எதிரொலிப் பேச்சு

ஆங்கிலத்திற்குக் கூறப்பட்ட இவ்விளக்கத்தைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. தமிழ் வினையை இறுதியில் கொண்ட மொழி. எழுவாய் தோன்றாமலே வாக்கியம் நிறைவுறும். மூவிட வேறுபாட்டை வினைமுற்றின் விகுதியே காட்டிவிடும். பின்வரும் தொடர்களை நோக்கலாம்.

(1) தாய்: "பால் வேணுமா?" குழந்தை: "பால் வேணுமா."

(2) தாய்: "பிஸ்கட் சாப்பிடுறியா?" குழந்தை: "சாப்பிடுறியா."

முதல் தொடரில் மூவிடப்பெயர் இல்லை. 'வேணும்' என்பது பால், எண், இட விகுதி ஏற்காத வினை. ஆகவே இங்கு இடப் பிறழ்ச்சி தோன்றுவதற்கே வாய்ப்பில்லை. வினாவைக் குறிக்கும் ஆகாரம் மட்டும் எஞ்சி நிற்கிறது. இரண்டாவது தொடரில் முன்னிலை விகுதியும் வினா ஆகாரமும் இறுதியில் சேர்ந்து நிற்பதால் குழந்தை அவ்விரண்டையும் திருப்பிச் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லில் காணப்படும் பிறழ்ச்சி தமிழில் வினை விகுதியில் வெளிப்படும் எனக் கருத இடமுண்டு.

இவ்வேறுபாடு வீட்டில் ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. விருந்தினராக வந்த முதியவரிடம் குழந்தை "சாப்பிடுறியா" என்று கூறினால், அது மரியாதையற்ற ஒருமை விளியாகவே கொள்ளப்படும். "பெரியவங்ககிட்டே எப்படிப் பேசணும்னு சொல்லிக்கொடுக்கலையா?" என்னும் வினா குழந்தையை விட்டுத் தாயை நோக்கி எழும். குழந்தை அங்குத் தான் உண்ண விரும்புவதையே தெரிவித்திருக்கலாம். பன்மை மரியாதை விகுதி உள்ள மொழிகள் அனைத்திலும் இவ்விடர்ப்பாடு எழக்கூடியதே.

எதிரொலிப் பேச்சு பொருளற்ற ஒலிப்பு எனவும், அதனைத் தடுத்து நிறுத்த வேண்டும் எனவும் முன்னர்க் கருதப்பட்டது. பாரி பிரைசன்ட் என்னும் பேச்சு மொழி வல்லுநர் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள், இப்பேச்சு கேட்டல், உடன்படுதல், முறை எடுத்துப் பேசுதல், தன்னை அமைதிப்படுத்திக் கொள்ளுதல் எனப் பல பயன்களுக்காக வருவதைக் காட்டின. நெடுநாள் முன்பு கேட்ட தொடர் பின்னர் வேறிடத்தில் வெளிப்படுவதும் உண்டு. தில்லியில் வாழும் ஒரு குழந்தை, வெளியே செல்ல விரும்பும்போதெல்லாம் மெட்ரோ வண்டியின் அறிவிப்பிலுள்ள 'அக்லா ஸ்டேஷன்' என்னும் தொடரைச் சொல்வதாகக் கொள்வோம். 'அடுத்த நிலையம்' என்னும் அகராதிப் பொருளை அது கூறவில்லை. 'வெளியே போகலாம்' என்கிறது. இதனை அறியாத பெற்றோருக்கு அது காலையிலிருந்து இரவு வரை கேட்கும் தொல்லை. அறிந்தவர்களுக்கு அது ஒரு வேண்டுகோள்.

4. சுற்றத்தாரின் பேச்சு

பெற்றோர் அன்றாடம் கேட்கும் பேச்சு பெரும்பாலும் தீய நோக்கத்தோடு கூறப்படுவதன்று. ஆயினும் அதன் இலக்கண அமைப்பிலேயே புண்படுத்தும் கூறுகள் பொதிந்துள்ளன.

(3) "இன்னும் பேசலையா?"

(4) "இவனைவிடச் சின்னப் பிள்ளைகூடப் பேசுதே!"

(5) "கொஞ்சம் கவனிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது."

(6) "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே."

மூன்றாம் தொடரில் 'இன்னும்' என்னும் இடைச்சொல், பேசுவதற்குரிய காலம் கடந்துவிட்டது என்பதை முற்கோளாகக் கொண்டுள்ளது. 'இல்லை' என்று விடையளித்தாலும் 'ஆம்' என்று விடையளித்தாலும் அம்முற்கோள் மறுக்கப்படாமல் நிற்கும். கன்னடத்தின் 'இன்னூ', இந்தியின் 'அபீ தக்' ஆகியனவும் இவ்வாறே செயற்படுகின்றன. நான்காம் தொடரில் 'கூட' என்பது, எதிர்பார்க்கத் தகாதவரே செய்வதை இக்குழந்தை செய்யவில்லை என்னும் ஒப்பீட்டை உள்ளடக்கியது.

ஐந்தாம் தொடர் நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக வைத்துப் பேசும் நிபந்தனைத் தொடர். கவனித்திருக்க வேண்டியவர் யார் என்பது அதில் சொல்லப்படவில்லை. தமிழில் எழுவாய் தோன்றாது நிற்கலாம் என்பதால் பேசுபவர் பெயர் கூறாமலே பழி சுமத்த முடிகிறது. கேட்பவர் அனைவரும் அது தாயையே குறிக்கிறது என்று அறிவர். ஆறாம் தொடரில் 'விடு' என்னும் துணைவினை, செயல் முடிந்துபோனது, மீட்க இயலாதது என்னும் பொருளைச் சேர்க்கிறது.

ஆறுதல் கூறும் தொடரும் ஆராயத்தக்கது. "எல்லாம் சரியாயிடும்" என்பது நல்லெண்ணத்தில் பிறப்பது; எனினும் அது உரையாடலை முடித்துவைக்கும் தொடர். அதற்குப்பின் தாய் தன் நிலையை எடுத்துரைக்க இடமில்லை. இதற்கு மாறாக, "இன்னிக்கு என்ன செஞ்சான்?" என்னும் வினா முற்கோள் எதையும் திணிக்காமல் பேச வழிசெய்கிறது. "நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கறேன்" என்பதோ தன்மை வினைமுற்றோடு, பேசுபவரைப் பொறுப்பேற்கச் செய்யும் பேச்சுச்செயல். ஹில் கூறிய துணைவளங்களுள் ஒன்றை இவ்வொரு வாக்கியமே குடும்பத்திற்கு அளித்துவிடுகிறது.

5. பெயரிடுதல்

சுற்றத்தார் பேச்சுக்கு அடுத்து நிற்பது ஆவணங்களின் சொல். 'ஆட்டிசம்' என்னும் சொல்லை, தன்னைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து, வேறொரு மனநோயை விளக்குவதற்காக ஆய்கன் புளூலர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கினார். இந்திய மொழிகளின் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் இவ்வேர்ப்பொருளையே பின்பற்றியது. இந்தியில் வழங்கும் 'ஸ்வலீனதா' என்பது தன்னுள் ஆழ்ந்திருத்தல் எனப் பொருள்படும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் இந்திப் பெயரில் உள்ள 'ஸ்வபராயணதா' என்பது தன்னையே பற்றி நிற்றல் என்பதாகும். தமிழில் 'புற உலகச் சிந்தனையற்றோர்', 'மன இறுக்கம்', 'மதியிறுக்கம்' முதலிய ஆக்கங்கள் வழங்கி வந்துள்ளன.

சான்றிதழில் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்னும் தொடரைப் படிக்கும் தாய், தன் குழந்தைக்குத் தன்னைப் பற்றிய நினைவே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள நேரும். அக்குழந்தையோ தாயின் காலடி ஓசையை அறிந்து கதவருகே வந்து நிற்கும் குழந்தையாக இருக்கலாம். பொருள் விளங்காத கடன்சொல்லான 'ஆட்டிசம்' என்பதையே பல பெற்றோர் கையாள்வதற்கு, அது தீர்ப்பு எதையும் உரைக்காமல் நிற்பதும் ஒரு காரணம் எனலாம். தூய கலைச்சொல் வேண்டும் என்பது மொழி வளர்ச்சி நோக்கில் நியாயமான விருப்பமே. ஆனால் அச்சொல்லைத் தாங்கி வாழ்பவர்களிடம் அது எவ்வாறு ஒலிக்கிறது என்பதும் ஆக்க நெறிகளுள் ஒன்றாதல் வேண்டும்.

பெயர் உரிமையோடும் தொடர்புடையது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் பெயர் சுட்டி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் குறிப்பிட்டு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு ஆகியவற்றையும் உள்ளடக்கியது. செகந்திராபாத்தில் 1984இல் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்னும் பொருளுடைய பெயரோடு தொடங்கிய தேசிய நிறுவனம் பின்னர் அறிவுசார் குறைபாடுடையோர்க்கு ஆற்றலளித்தல் என்னும் பொருள்படப் பெயர் மாற்றப்பட்டது. இம்மாற்றங்கள் வெறும் நயத்தக்க நாகரிகம் அல்ல. சட்டத்தில் பெயர் இல்லாத குறைபாட்டிற்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல் உதவியும் இல்லை.

6. வீட்டு மொழியைக் கைவிடும் அறிவுரை

இந்தியச் சூழலில் தனிக்கவனம் வேண்டும் சிக்கல் ஒன்றுண்டு. குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் உள்ளது என்று தெரிந்தவுடன், "வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள்" என்னும் அறிவுரை பல நகரங்களில் பெற்றோருக்குத் தரப்படுகிறது. அந்த ஒரே மொழி பெரும்பாலும் பள்ளி மொழியாகிய ஆங்கிலமாக அமைகிறது. பல மொழிகளைக் கேட்பதால் குழந்தை குழம்புகிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். பயிற்சிப் பொருள்களும் சோதனைக் கருவிகளும் ஆங்கிலத்தில் மிகுதியாகக் கிடைப்பது கூறப்படாத காரணம்.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கருதலாம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அண்டை வீட்டில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். இத்தகைய சூழல் விதிவிலக்கன்று. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்கள். மேற்கூறிய அறிவுரையை இக்குடும்பம் ஏற்றால் நிகழ்வது என்ன? தாய் தனக்கு முழுமையாக வராத மொழியில் குழந்தையோடு பேசத் தொடங்குகிறாள். தாலாட்டும், கொஞ்சலும், "அம்மா தரேன்" என்று தன்னையே உறவுப்பெயரால் குறிப்பிடும் இயல்பான குழந்தைமொழியும் நின்றுபோகின்றன. அவற்றின் இடத்தைச் சில ஆணைச் சொற்கள் பிடிக்கின்றன. பாட்டிக்கும் குழந்தைக்கும் இடையே பொது மொழி இல்லாமற் போகிறது. குழந்தையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரையும் குடும்பம் இழக்கிறது. தமிழில் ஒரு சொல் வாய்தவறி வந்தாலும் தன் குழந்தைக்குத் தானே தீங்கிழைத்ததாகத் தாய் அஞ்சுகிறாள். 'குளிர்பெட்டித் தாய்' என்னும் பழி மறைந்த இடத்தில், 'குழப்பும் தாய்' என்னும் புதிய பழி வந்து அமர்கிறது.

இவ்வறிவுரைக்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் கேட்டு வளர்ந்த, டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளைக் கனடாவில் ஆராய்ந்த கே-ரெய்னிங் பேர்டு முதலியோர், இருமொழிச் சூழலால் அவர்களுக்குக் கேடு விளையவில்லை என்று 2005இல் காட்டினர். ஆட்டிசம் உடைய 75 குழந்தைகளை ஆராய்ந்து ஹாம்பிலி, ஃபோம்போன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட கட்டுரையும், இருமொழி கேட்டு வளர்வதால் மொழி வளர்ச்சி கூடுதலாகத் தாமதப்படவில்லை என்றே கண்டது. சீன மொழியும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வும் இம்முடிவுக்கு மாறுபடவில்லை. பல மொழி கேட்பது குறைபாட்டை நீக்கும் என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. அது குறைபாட்டுக்குக் காரணமன்று, அதனை மிகுவிப்பதும் அன்று என்பதே அவற்றின் முடிவு.

ஆகவே ஒரு மொழியை முதன்மையாகத் தெரிந்தெடுக்க வேண்டிய சூழல் எழுந்தால், பெற்றோர் எம்மொழியில் நினைக்காமலே பேசுகிறார்களோ, எம்மொழியில் குழந்தையோடு சிரிக்கிறார்களோ அம்மொழியே முதலில் வைக்கத்தக்கது. பள்ளி மொழிக்குத் தேவையான சொற்களை அதன்மீது படிப்படியாகச் சேர்க்கலாம்.

7. நடத்தை என்னும் செய்தி

பெற்றோரின் அழுத்தத்தோடு மிகநெருங்கிய தொடர்புடையவை நடத்தைச் சிக்கல்கள் என்பது முன்னர்க் கூறப்பட்டது. அவற்றிலும் மொழிக்கு இடமுண்டு. கார், டூரண்டு ஆகியோர் 1985இல் நான்கு குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, அவர்களது அடங்காமை எப்போது எழுகிறது என்பதை முதலில் கண்டறிந்தது. சிலருக்குப் பணி கடினமாகும்போதும், சிலருக்குக் கவனிப்புக் குறையும்போதும் அது எழுந்தது. உதவி கேட்கவோ, தன் வேலையைப் பார்க்குமாறு அழைக்கவோ உரிய ஒரு சிறு தொடர் கற்பிக்கப்பட்டபோது அந்நடத்தை பெரிதும் குறைந்தது. சொல் கிடைத்த இடத்தில் அலறலுக்குத் தேவை குறைந்தது எனலாம்.

பேச்சு வராத குழந்தைக்குப் படம், சைகை, கருவி ஆகியவற்றின் வழிக் கருத்துப் பரிமாற்றம் கற்பித்தால் குழந்தை பேசாமலே இருந்துவிடும் என்னும் அச்சம் பெற்றோரிடம் பரவலாக உள்ளது. மில்லர், லைட், ஸ்கிளாசர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், உறுதியான சான்றுடைய 27 பேரில் எவருக்கும் பேச்சுக் குறையவில்லை. 89 விழுக்காட்டினரிடம் பேச்சு ஓரளவேனும் மிகுந்தது. சென்னையில் உருவாக்கப்பட்ட 'ஆவாஸ்', மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்ட 'ஜெல்லோ' ஆகிய செயலிகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

வல்லுநர் எண்ணிக்கை குறைந்த நாட்டில் பெற்றோரையே பயிற்றுவிப்பது இன்றியமையாதது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடத்தப்பட்டு 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. சிறப்புப் பட்டம் பெறாத நலப்பணியாளர்கள் வீட்டிற்கே சென்று, குழந்தையின் குறிப்பறிந்து மறுமொழி கூறும் முறையைப் பெற்றோருக்குக் கற்பித்தனர். பெற்றோரின் மறுமொழி குழந்தையோடு இசைந்தது. குழந்தை தானாகத் தொடங்கும் கருத்துப் பரிமாற்றமும் மிகுந்தது. வீட்டிற்கு வந்து, வீட்டு மொழியிலேயே பேசும் பணியாளர் இம்முறைக்கு அடிப்படையாவார்.

8. முடிவுரை

பெற்றோரின் அழுத்தம் முழுவதும் மொழியால் ஆனதன்று. உறக்கமின்மை, பயிற்சிக் கட்டணம், வேலையைக் கைவிட்ட தாயின் வருவாய் இழப்பு, "நமக்குப் பின் யார்?" என்னும் கேள்வி ஆகியன சொல் மாற்றத்தால் தீர்வன அல்ல. பதினெட்டு வயதுக்குப் பின் காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் சட்டம் மாவட்ட அளவில் குழுக்களை அமைத்துள்ளது. அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம் ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. இவை பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில், எளிய தொடர்களில் சென்றடைதல் வேண்டும்.

மொழியால் விளையும் பகுதியைப் பொறுத்தவரை பின்வருவன கருதத்தக்கவை.

(அ) குறைபாட்டை முதன்முதலில் அறிவிக்கும் மருத்துவர், பெற்றோர் இதற்குக் காரணரல்லர் என்பதை வெளிப்படையாக, பெற்றோரின் மொழியிலேயே கூறுதல் வேண்டும். கூறாமல் விடப்படும் இடத்தைப் பழைய பழி நிரப்பிவிடும்.

(ஆ) வீட்டு மொழியைக் கைவிடுமாறு கூறும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

(இ) எதிரொலிப் பேச்சு, மூவிடப் பிறழ்ச்சி முதலியன தமிழ் போன்ற வினையிறுதி மொழிகளில் எவ்வாறு அமைகின்றன என்பதை விரிவான தரவுகளோடு ஆராய்தல் வேண்டும். ஆங்கிலத் தரவுகளைக் கொண்டு எழுதப்பட்ட கையேடுகள் இக்குறையை நிறைவு செய்யா.

(ஈ) கலைச்சொல்லாக்கக் குழுக்களில் பெற்றோரும், வளர்ந்துவிட்ட ஆட்டிசம் உடையோரும் இடம்பெறுதல் வேண்டும்.

(உ) அழுத்த அளவுகோல்களைப் பெயர்க்கும்போது, மக்கள் தம் துயரைக் கூறும் வழக்குத் தொடர்களை முதலில் தொகுத்தல் வேண்டும்.

மூவிடப்பெயர் ஒன்றின் இடத்தை ஆராய்ந்த சிறு ஆய்வு, ஒரு தலைமுறைத் தாய்மாரின் மீதிருந்த பழியை அகற்ற உதவியது. இந்திய மொழிகளில் அத்தகைய ஆய்வுக்குரிய தரவுகள் ஒவ்வொரு நாளும் வீடுகளில் பேசப்படுகின்றன. அவற்றைக் கேட்டுப் பதிவு செய்து பொருள் காண்பது மொழியியலாரின் கடமையாகும். "பால் வேணுமா" என்று குழந்தை கூறும்போது அது வினாவன்று, வேண்டுகோள் என்று தாய்க்கு விளக்கிச் சொல்ல ஒருவர் இருப்பாராயின், அவ்வீட்டின் அழுத்தம் அந்த அளவிற்கேனும் குறையும்.